சூளையில் நன்றாக வந்த கிண்ணம் நாலாம் நாள் உதிர்கிறதே, ஏன்?

கரிசல்காட்டாள்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோவில்பட்டிப் பக்கம். வேலை கணினியில்தான், ஆனால் போன கோடையிலிருந்து ஒரு கிறுக்கு பிடித்திருக்கிறது: கடையில் எதையும் வாங்காமல், வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கிற மண், காய், கரி இவற்றை மட்டும் வைத்துக் கிண்ணம் செய்யணும், படம் போடணும் என்று.

பக்கத்துப் புஞ்சைக்காரரிடம் கேட்டு இரண்டு சட்டி மண் எடுத்தேன். ஊறவைத்து, வேரும் கல்லும் பொறுக்கி, பிசைந்து, கையாலேயே 9 கிண்ணம். நாலு நாள் நிழலில் காயவைத்து, இரண்டடிக் குழி வெட்டி, வரட்டியும் சீமைக்கருவேல விறகும் அடுக்கிச் சுட்டேன். மூன்று கிண்ணம் பட்டாசு மாதிரி வெடித்துப் போனது. மிச்சம் ஆறும் நல்ல சிவப்பாக, தட்டினால் சத்தம் வருகிற மாதிரி வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள் பார்த்தால் அலமாரியில் சில்லு சில்லாக உதிர்ந்து கிடக்கிறது! ஒவ்வொரு பள்ளத்துக்கு நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. யாரும் தொடக்கூட இல்லை.

இன்னொன்று, சுடுவதற்கு முன் மஞ்சளும் செம்பருத்திச் சாறும் வைத்துக் கோலம் போட்டிருந்தேன். சுவடே இல்லை. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

வேளார் வீட்டுப் பேரன்

கொஞ்சம் சிரித்துவிட்டேன் அக்கா, மன்னிக்கணும். அந்த வெள்ளைப் புள்ளிதான் பதில், அது சுக்கான், மண்ணுக்குள் கிடக்கிற சுண்ணாம்புக் கல். கரிசலில் சுக்கான்கல் கிடக்காத இடம் குறைவு, கடுகு அளவு துண்டு உள்ளே இருந்தாலும் போதும். சுண்ணாம்புக் காளவாசலில் நடப்பதுதான் உங்கள் குழியிலும் நடந்திருக்கிறது: 800 டிகிரியை ஒட்டிப் போகும்போது அந்தக் கல் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அப்புறம் அலமாரியில் உட்கார்ந்துகொண்டு காற்றிலிருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து நீறும். நீறினால் பருக்கும், பருத்தால் மேலே இருக்கிற சில்லை நெம்பித் தள்ளும். வெற்றிலைச் சுண்ணாம்பு தாளிக்கும்போது கல் பூத்து உடைவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

மண்ணை முதலில் சோதித்துவிடுங்கள். காய்ந்த கட்டி ஒன்றின்மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். வேரும் கல்லும் கையால் பொறுக்கினால் போதாது. மண்ணை நன்றாகக் காயவைத்து (ஈரமண் கரையவே கரையாது, காய்ந்த கட்டிதான் தண்ணீரில் பொலபொலவென்று விழும்), நிறைய தண்ணீரில் மோர் மாதிரிக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டுங்கள். சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்பார்களே, அந்த மாதிரி. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் நிற்கும் களியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிசைகிற பதம் வந்துவிடும்.

வெடித்த மூன்றும் வேறு கதை, அது ஈரம். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும். 100 டிகிரி தாண்டினால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியே வர வழியில்லாமல் உடைக்கும். எங்கள் வீட்டில் சூளை வைக்கிற அன்று சுடாத பச்சைப் பானைகளை உச்சிவெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் அடுக்குவார்கள். முதல் இரண்டு மணி நேரம் வெறும் புகைதான், தீயே கிடையாது. நாலு நாள் நிழல் எந்த மூலைக்கு?

கரிசல் தனியாக ஆகவும் ஆகாது. ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும், வயலில் ஆள் கால் போகிற அளவுக்கு வெடிப்பு விடுகிற மண் அது. ஒரு பட்டை செய்து 10 செ.மீ. கோடு கிழித்துக் காயவிட்டு அளந்து பாருங்கள். 9 செ.மீ.க்கும் கீழே வந்தால் ஆற்றுமணலோ சலித்த சாம்பலோ சேர்த்துத்தான் ஆகணும். முடிந்தால் கரிசலை விட்டுவிட்டுக் கண்மாய் வண்டலுக்குப் போங்கள். அதற்கு முறைப்படி அனுமதி வாங்கணும், தாலுகா ஆபீஸில் கேளுங்கள்.

பின்கட்டு

வினிகரில் ஊறவைத்தால் சுண்ணாம்பு கரைந்துவிடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சுட்ட கிண்ணத்தை அப்படியே முக்கிவிடலாமே?

வேளார் வீட்டுப் பேரன்

வினிகர் மேலோட்டமாகத்தான் வேலை செய்யும், அதுவும் எத்தனை பாட்டில் வாங்குவீர்கள். வெறும் தண்ணீரே போதும். சூளை பிரித்ததும், கிண்ணம் கை தாங்குகிற சூட்டில் இருக்கும்போதே அண்டாத் தண்ணீரில் முழுசாக மூழ்கடித்து ஒரு இரவு விடுங்கள். ஈரத்தை மெல்லக் குடித்து நீறுகிறதுதான் வம்பு. ஒரேயடியாகத் தண்ணீர் கிடைத்தால் சின்னத் துண்டெல்லாம் குழைந்து உள்ளேயே அடங்கிவிடும். பெரிய கல் இருந்தால் இதுவும் பலிக்காது, வடிகட்டுவதுதான் ஒரே வழி.

மைக்கூடு

மண் விஷயம் முடிந்துவிட்டது, நான் வண்ணத்துக்கு வருகிறேன். செடியிலிருந்து வருவது எதுவும் தீயில் நிற்காது, நிற்பது மண்ணும் கல்லும்தான். காகிதத்தில் போட்டால்கூட மஞ்சள் வெயிலில் சில நாளில் வெளுத்துவிடும். விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலைப் பாறையில் செங்காவியில் வரைந்தது இன்னும் இருக்கிறது, அது இரும்பு சேர்ந்த மண்.

ஆகவே கிண்ணத்துக்குச் செம்மண். தூத்துக்குடிப் பக்கம் தேரி மணல் (சிவப்பு மணல்மேட்டு மண்) யாராவது ஒரு பை கொண்டுவந்தால் விடாதீர்கள். அந்தச் சிவப்பு மணலுக்குள் இல்லை, மேலே பூச்சாக ஒட்டியிருக்கிறது. நீரில் போட்டு அலசி, கலங்கலை மட்டும் ஊற்றி எடுத்துத் தெளியவையுங்கள். வழவழப்பான களியோடு குழைத்துப் பச்சைக் கிண்ணத்தில் பூசி, அரைகுறையாகக் காயும்போது கூழாங்கல்லால் தேய்த்தால் மினுங்கும். ஒரு எச்சரிக்கை: மஞ்சள் காவி சூளையில் சிவப்பாகிவிடும், மஞ்சளாகவே வேண்டும் என்றால் சுட்ட பிறகுதான் தீட்டணும். கறுப்புக்குச் சாயமே வேண்டாம். கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானை மாதிரி உமியில் கவிழ்த்துவைத்துச் சுட்டால், காற்றுப் புகாத உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுக்கும். (வெள்ளைக்கு மட்டும் நீங்கள் விதியை மீறணும், வெள்ளைக்களி உங்கள் ஊரில் கிடைக்குமென்று தோன்றவில்லை.)

காகிதத்துக்கு என் கட்சி கடுக்காய். தஞ்சாவூர்ப் பக்கம் கருப்பூர் கலம்காரிக்காரர்கள் துணியில் செய்வதை நான் காகிதத்தில் செய்கிறேன். துருப்பிடித்த ஆணியும் கருப்பட்டியும் தண்ணீரில் போட்டு, மூடியை லேசாகத் திறந்துவைத்து இரண்டு மூன்று வாரம் புளிக்கவிடுங்கள், நாற்றத்துக்கு வீட்டில் திட்டு நிச்சயம். கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து ஊறவைத்த நீரைத் தாளில் பூசிக் காயவையுங்கள். அந்தத் தாளில் இரும்புத் தண்ணீரைத் தொட்டுக் கோடு போட்டால், வெளிறிய நீர் பட்ட இடத்தில் கண்ணெதிரே கறுக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. இரும்பு அதிகமானால் நாள்பட்டுத் தாளையே அரித்துவிடும், அளவாகப் போடுங்கள்.

மற்றபடி விளக்குக் கரியைக் கருவேலம் பிசினில் குழைத்தால் நல்ல மை. வரைகரிக்கு அகத்திக் குச்சியைத் தோலுரித்துப் பிஸ்கட் டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஒரே ஒரு ஓட்டை போட்டு, கிண்ணம் சுடுகிற குழியின் ஓரத்திலேயே வைத்துவிடுங்கள். ஒரே தீயில் இரண்டு வேலை.

கரிசல்காட்டாள்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எலுமிச்சைச் சாறு விட்டதும் மண் சோடா மாதிரிப் பொங்கியது. வேட்டியில் வடிகட்டினேன், துணியில் நின்றதைக் காயவைத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி சுக்கான். 10 செ.மீ. கோடு 8.6 ஆனது, மூன்று பங்குக்கு ஒரு பங்கு மணல் சேர்த்தேன். இந்தத் தடவை 7 செய்தேன், ஒன்றில் மட்டும் அடியில் விரிசல், சூளையில் எதுவும் வெடிக்கவில்லை. தண்ணீரில் முக்கி எடுத்து இன்றோடு பன்னிரண்டு நாள், இதுவரை ஒரே ஒரு சில்லு.

கரிக்குச்சியில் பாதி சாம்பல். டப்பா மூடி சரியாக இறுகவில்லை போலிருக்கிறது. ஆணித் தண்ணீர் மாடியில் புளித்துக்கொண்டிருக்கிறது, அம்மா அந்தப் பக்கமே வருவதில்லை. பேரன் தம்பி, வண்டல் எடுக்கத் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டார்கள், கிண்ணம் செய்ய என்றேன், ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கிடைத்தால் அதற்கும் இதே அளவு மணல் வேண்டுமா, குறைக்கலாமா?

வேளார் வீட்டுப் பேரன்

பட்டை செய்து கோடு கிழித்துப் பாருங்கள் அக்கா, அதுவே சொல்லும். படம் போடுங்கள், அந்த ஒரு சில்லு போனதையும் சேர்த்து.