“நீங்கள்தானே டாக்டர்?”: பிசிஷியன் அசிஸ்டென்ட் பணியில் பதினோரு ஆண்டுகள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் இந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் அடிக்கடி விசாரிக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மருத்துவரின் மேற்பார்வையில் அவருக்குத் துணையாக நோயாளிகளைக் கவனிக்கும் பணி இது. நம் ஊர்ப் பட்டத்தில் பிசிஷியன் அசிஸ்டென்ட் என்றிருக்கும் இந்தப் பணியை, இணை மருத்துவப் பணியாளர்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் பிசிஷியன் அசோசியேட் என்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965இல், கடற்படையில் மருத்துவப் பணி செய்துவந்த நால்வரோடு தொடங்கிய இந்தப் படிப்பு, 1992இல் இந்தியாவுக்கு வந்தபோது முதலில் கால் பதித்தது சென்னையில்தான். இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் அப்போது நடத்திவந்த மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில்.

நானும் இதய அறுவைப் பிரிவில்தான் இருக்கிறேன். சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன் இரவு நிலவரத்தைத் திரட்டி வைப்பது, தியேட்டரில் பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுப்பதில் துணை நிற்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது என்று நாள் ஓடும்.

சேர்ந்த முதல் ஆண்டில் நடந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. அறுவைக்கு முந்தைய நாள் மாலை, ஒப்புதல் படிவத்தோடு ஓர் அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள்தானே டாக்டர், நீங்கள் இருந்தால் எனக்குப் பயமில்லை” என்றார். திருத்தாமல் புன்னகைத்துவிட்டேன். அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். மறுநாள் காலை இதை அறிந்த எங்கள் அறுவை மருத்துவர், என்னைத் திட்டாமல் மறுபடியும் அந்தக் கட்டிலுக்கு அழைத்துச் சென்று, “இவர் என் அசிஸ்டென்ட், அறுவை செய்யப்போவது நான்” என்று சொல்லி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தாமே விளக்கிப் புதிதாகக் கையெழுத்து வாங்கினார். தன் மார்பைத் திறக்கப்போவது யார் என்று தெரியாமலே அந்த அம்மா ஓர் இரவைக் கழித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று முதல் பெயருக்கு அடுத்தபடியாக, நான் மருத்துவர் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறேன்.

அதனால் மரியாதை குறைந்ததில்லை. இதயத்தின் மைட்ரல் வால்வு மாற்றிய ஒரு பெண்ணுக்கு, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.6க்கு இறங்கியிருந்தது, உலோக வால்வு வைத்த அவருக்கு அது 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணினேன், ஒன்றும் தவறவில்லை. கால் மணி நேரம் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பிறகுதான், உடம்பு தேற வேண்டும் என்று மாமியார் மூன்று வாரமாகத் தினமும் முருங்கைக்கீரைச் சாறு வைத்துக் கொடுக்கும் செய்தி வந்தது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். மருந்தின் அளவை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை. மருத்துவரிடம் சொன்னேன், அவர் முடிவெடுத்தார். கீரையை அடியோடு நிறுத்த வேண்டாம், வாரந்தோறும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று மாமியாருக்குப் புரியவைக்கும் வேலை எனக்கு வந்தது. நெரிசலான ஓ.பி.யில் மருத்துவருக்குக் கிடைக்காத அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் பணியின் பெறுமதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.



அக்கா, உங்கள் கட்டுரையைப் படித்தேன். நானும் பிசிஷியன் அசிஸ்டென்ட்தான், பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. பைபாஸ் முடிந்து ஐ.சி.யூ.வுக்கு வந்த ஒரு பெரியவருக்கு மார்பிலிருந்து ரத்தத்தை வெளியேற்ற வைக்கும் டிரெயின் குழாயில் மணிக்கு 100 மில்லி அளவில் வந்துகொண்டிருந்த ரத்தம், நள்ளிரவுக்குப் பின் சட்டென நின்றுவிட்டது. ரத்தக்கசிவு அடங்கிவிட்டது என்று அவர் மகனுக்கு ஆறுதல். எனக்கோ பாட்டிலில் கோடு அசையாமல் நிற்பதும், ரத்த அழுத்தம் இறங்க இறங்க மையச் சிரை அழுத்தம் (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) ஏறுவதும் சரியாகப் படவில்லை. உடனே டூட்டி மருத்துவரை அழைத்தேன். குழாய் அடைத்துக்கொண்டு, இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தது. அந்த நேரத்திலேயே தியேட்டருக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள், பிழைத்துக்கொண்டார். கண்டுபிடித்தது நான் என்று சொல்லவில்லை, அழைக்கத் தயங்கவில்லை என்பதே எனக்கு நிறைவு. ஆனால் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. வெளிநாடு போக முயலலாமா?



தம்பி, நீங்கள் அழைத்த அந்த அழைப்பு ஓர் உயிரைக் காத்தது. சம்பள வருத்தம் நியாயமானது. தொடக்க ஆண்டுகளில் நானும் பட்டேன். ஆனால் முகவர் பேச்சை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்கள்தான் உரிமத் தேர்வே எழுத முடியும். நம் பட்டம் நேரடியாகச் செல்லாது. பிரிட்டனில் நோயாளிகள் பிசிஷியன் அசோசியேட்களை மருத்துவர் என்று எண்ணிவிடும் குழப்பம் பெரிய விவாதமாகி, அதை ஆராய அரசு கேட்டு 2025 ஜூலையில் வந்த லெங் ஆய்வறிக்கை அசோசியேட் என்ற பெயரையே அசிஸ்டென்ட் என்று மாற்றப் பரிந்துரைத்தது. இங்கேயே முதுகலைப் படிப்போ கற்பித்தல் பணியோ பார்க்கலாம். எங்கள் பிரிவில் இடம் காலியானால் உங்களுக்கு எழுதுகிறேன். அந்த டிரெயின் இரவைப் பற்றி நேர்காணலில் அப்படியே சொல்லுங்கள்.