ஒன்பது கட்ட அட்டவணைக்குப் பிறகு என்ன?

மனிதவள அலுவலர், ஓசூர்:
வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் எங்கள் நிறுவனத்தில் ஊழியர்களைச் செயல்திறன், வளர்திறன் (மேல் பொறுப்புக்கு வளரக்கூடிய திறன்) என்ற இரு அளவுகோல்களில் மதிப்பிட்டு, ஒவ்வொன்றையும் மூன்று நிலைகளாகப் பிரிக்கும் ஒன்பது கட்ட அட்டவணையை நிரப்பிவிட்டோம். ஆனால், இரண்டிலும் உயர்ந்த இடம் பெற்றவர்களை வேறு பிரிவுக்கு விடுவிக்கத் துறைத் தலைவர்கள் மறுப்பதால் கோப்பு அப்படியே கிடக்கிறது. என்ன செய்யலாம்?

முன்னாள் ஆலை மேலாளர்:
துறைத் தலைவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, ஐயா. உதிரிபாகங்களை வார்க்கும் அச்சுகளைச் செய்து பழுதுபார்க்கும் டூல் ரூமின் தேர்ந்த மேற்பார்வையாளரை அனுப்பிவிட்டால், இரவு ஷிஃப்டில் அச்சு பழுதாகும்போது உற்பத்திக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் துறைத் தலைவர்தானே! எத்தனை பேரை வளர்த்து அனுப்பினார் என்பதை அவருடைய ஆண்டு மதிப்பீட்டிலேயே சேருங்கள். மாற்று ஆளைப் பழக்க மூன்று மாத அவகாசமும் கொடுங்கள்.

பயிற்சியாளர், கோவை:
உடன்படுகிறேன். ஆனால், அட்டவணையைத் தரவரிசையாக்கி, கடைசியில் இருப்பவரை வெளியேற்றும் பழக்கத்துக்குப் போய்விடாதீர்கள். ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனத்தில் புகழ்பெற்ற அம்முறையின் கட்டாயத் தரவரிசையை (சிலரைக் கடைநிலையில் வைத்தே ஆக வேண்டும் என்ற விதியை) மைக்ரோசாஃப்ட் 2013-இல் கைவிட்டது. பக்கத்து இருக்கைக்காரரே போட்டியாளரானால், யார் யாருக்குத் தொழில் கற்றுத் தருவார்?

மனிதவள அலுவலர், ஓசூர்:
நன்றி. எந்தப் பிரிவில் தொடங்கலாம்?

முன்னாள் ஆலை மேலாளர்:
பராமரிப்புப் பிரிவில் தொடங்குங்கள். மூத்தவர்கள் ஓய்வுபெறும் தேதி முன்பே தெரிவதால் மாற்று ஆளை முன்கூட்டியே பழக்கலாம்; அங்கே மறுப்பதற்குக் காரணம் குறைவு.