கோத்தகிரி மண்டப வெளிச்சத்துக்கு எந்த லென்ஸ்?

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். கையில் சோனி ஏ6400 கேமரா, கூடவே வந்த 16-50 மிமீ கிட் லென்ஸ். போன வாரம் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். வெளியே மூடுபனி, மண்டபத்துக்குள் நாலு டியூப் லைட். முழுக்க ஜூம் செய்தால் அபெர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) f/5.6க்குச் சுருங்கிவிடுகிறது, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 6400 வைத்தும் மோதிரம் போடும் கை கலங்கித்தான் விழுந்தது. ஃபிளாஷ் அடித்தால் பாட்டி கண்ணை மூடிக்கொள்கிறார்.

f/2.8 வரை திறக்கும் லென்ஸ் என்றால் அதைவிட நான்கு மடங்கு வெளிச்சம். அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 1600 போதும். அதனால் சிக்மா 18-50 அல்லது டாம்ரான் 17-70. சிக்மா சுமார் 290 கிராம்தான், ஆனால் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) இல்லை, என் கேமராவிலும் கிடையாது. டாம்ரானில் உண்டு, எடை 525 கிராம். ஆள் அசைந்தால் அது உதவாது என்பது தெரியும். சரி, சிக்மாவே வாங்கலாம் என்றால், மேடைக்குக் கீழிருந்து எடுக்க 50 மிமீ ஜூம் போதுமா?

கல்யாண வீட்டில் இவற்றைப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். பழையது வாங்கலாம் என்கிறான் தம்பி. நம்ம ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த லென்ஸ்களை நிறையப் பார்த்துவிட்டேன், அது வேண்டாம். அப்புறம், ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்குமா? கல்யாணம் தை மாதம்.