மேய்ச்சல் ஆய்வில் பட்டிக்காரருக்கு என்ன இடம்?

சித்தாண்டியான்:
எங்கள் மட்டக்களப்புப் பக்கம் மேய்ச்சல் தரையில் புல் ஆய்வு செய்யப் போகிறார்களாம். திட்டம் எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் மாட்டுப்பட்டி வைத்திருக்கும் பட்டிக்காரரைக் கூப்பிட்டு விளக்கினார்கள். எதை ஆராய்வது என்று யோசிக்கும்போதே கூப்பிட்டிருக்க வேண்டாமா?

புல்லளப்பவள்:
கருத்துக் கேட்கலாம் அண்ணன். திட்டத்தை ஆய்வாளர்தான் வகுக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரச் சட்டம் வைத்து, உள்ளே நிற்கும் புல்லை அறுத்து, காயவைத்து நிறுக்கிறோம். சட்டம் வைக்கும் இடத்தைப் பட்டிக்காரர் காட்டினால் நல்ல புல் உள்ள இடத்தைத்தான் காட்டுவார். கணக்குப் பிழைத்துவிடும்.

சித்தாண்டியான்:
சரி தங்கச்சி, இடத்தை நீங்களே குலுக்கிப் போட்டு எடுங்கள். நான் கேட்பது காலத்தை. மாரிமழையோடு பெரும்போக நெல் விதைப்பு தொடங்கினால் மாட்டை மாதவணை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் ஏற்றுவோம். அறுவடை முடிந்ததும் வயலில் நெல்தாள் மேய இறக்குவோம். முன்பு ஒரு குழு கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று அடிக்கும் மாதத்தில் வந்து மேய்ச்சல் தரையை அளந்தது. மாடெல்லாம் அப்போது வயலில். தின்ன ஆளில்லாத காய்ந்த புல்லை அளந்துகொண்டு போனார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே! என் அப்பா விடியவே பட்டிக்குள் இறங்கிச் சாணத்தைப் பார்ப்பார். இளகிக் கிடந்தால் இளம்புல், இறுகிக் கிடந்தால் தாள். அதுவும் அளவுதான்.

வயற்காரன்:
பட்டிக்காரரை மட்டும் இருத்தினால் போதுமா? வேலி பாய்ந்து மாடு இறங்கினால் அழிவது எங்கள் வேளாண்மை. அம்பாறைப் பக்கம் வட்டமடுவில் மாட்டுக்காரருக்கும் வேளாண்மைக்காரருக்கும் எத்தனை வருடப் பிணக்கு! மாடு எந்த மாதம் ஏறும் என்று பேசும் இடத்தில் நாங்களும் இருக்க வேண்டும்.

புல்லளப்பவள்:
மாதக் கணக்கை ஏற்கிறேன், அதைக் கேட்காதது பிழைதான். ஆனால் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் மாட்டுப் பண்ணையாளர் மேய்ச்சல் தரைக்காகத் தொடங்கிய போராட்டம் காணிப் பிரச்சினை. அதையும் இதற்குள் கொண்டுவந்தால் புல் ஆய்வே நின்றுபோகும். அது எங்கள் கையில் இல்லை.

சித்தாண்டியான்:
தீர்க்கச் சொல்லவில்லை தங்கச்சி, எழுதச் சொல்கிறேன். போன வருடம் மேய்ந்த தரையை இந்த வருடம் உழுதிருந்தால், அங்கே புல் ஏன் குறைந்தது என்று மழையையா காட்டுவீர்கள்? பட்டிக்காரனிடம் கேட்டால் உழுத இடத்தை நடந்தே கூட்டிப்போய்க் காட்டுவான். அதையும் உங்கள் ஆய்வறிக்கையில் ஒரு வரியாகப் போடுங்கள்.