புதுப்பிப்பு: ஸ்கார்பரோவில் வேலை கிடைத்துவிட்டது

கனடா வந்து அரை வருடம், கணக்குத் துறையில் ஒன்பது வருட அனுபவம், எழுபது விண்ணப்பம் போட்டும் ஒரு அழைப்புகூட இல்லை என்று மூன்று மாதம் முன்பு இங்கே எழுதியிருந்தேன். போன திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அன்று ஒரு அக்கா சொன்னபடி, சமூக உதவிகளுக்கு வழிகாட்டும் 211 என்ற எண்ணுக்குப் போன் செய்தேன். பக்கத்திலிருந்த எம்ப்ளாய்மென்ட் ஒன்டாரியோ மையத்தைச் சொன்னார்கள்; வேலை தேட உதவும் மாகாண அரசின் சேவை அது. காசே கிடையாது. அங்கிருந்த ஆலோசகர் என் ரெஸ்யூமேயை மேசையில் விரித்து, அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண விவரம், போட்டோ என்று ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்தார். 'கணக்குகளுக்குப் பொறுப்பு' என்ற வரியும் போனது. 'மாதக் கணக்கை மூன்று நாளில் முடித்தேன்' என்று எழுதவைத்தார். நான்கு பக்கம் இரண்டானது. அப்புறம்தான் அழைப்புகள் வந்தன.

இன்னொன்று. 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் 'கனடிய அனுபவம்' கேட்கக்கூடாது. தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

மனைவி, புதிதாகக் குடியேறியவர்களுக்கான லிங்க் (LINC) என்ற அரசு ஆங்கில வகுப்புக்குப் போகிறார், அதுவும் இலவசம். குடியுரிமை வாங்கிவிட்டால் அதில் சேர முடியாது, அதனால் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) இருக்கும்போதே சேர்ந்துவிடுங்கள்.