புதுக் கோழிக்கு ஒரு இரவா, 30 நாளா?

கூட்டுக்காவலன் (மட்டக்குளி):
சில நாளைக்கு முன் இங்கே 'புதுக்கூடு' என்ற தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். வீட்டில் ஏற்கனவே 8 கோழி நிற்கிறது, இப்போது 6 ஊர்க்கோழி, 4 தாரா, 2 வான்கோழிக் குஞ்சு வாங்கியிருக்கிறேன், எப்படிச் சேர்ப்பது என்று. அதற்குக் கடலோரன் எழுதிய பதிலை அப்படியே போடுகிறேன்: "ஒரு இரவு பனையோலைக் கடகத்தால் மூடி வையுங்கள். விடிய எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து விடுங்கள். 30 நாள் பிரித்து வைப்பது வெள்ளைக்காரன் புத்தகக் கதை."

வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வியாபாரியிடம் 3 பேட்டுக்கோழி வாங்கினேன். சிவந்த கொண்டை, மினுங்கும் செட்டை, தீனை அள்ளி அள்ளித் தின்றன. மறுநாளே கூட்டில் விட்டேன். ஐந்தாம் நாள் ஒன்று தூங்கி விழுந்தது. ஒன்பதாம் நாள் பச்சை எச்சம், பிறகு கழுத்து முறுக்கிக்கொண்டது. என்னுடைய 14 பழைய கோழிகளில் 11 செத்தன. இராணிக்கெட் நோய். அது உடம்புக்குள் போய் 2 நாளிலும் காட்டும், 15 நாள் கழித்தும் காட்டும். கடகத்துக்குள் ஒரு இரவு இருந்த கோழியின் முகத்தில் என்ன தெரியும்? 30 நாள். அதில் ஒரு நாளும் குறைக்க முடியாது.

கடலோரன் (வெள்ளவத்தை):
என் பெயரைப் போட்டுத் தனி இழை திறந்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன். 22 வருடமாகக் கொழும்பில் கோழி வளர்க்கிறேன். என் ஐயா ஊரில் வளர்த்தார், அவருடைய தாயும் வளர்த்தார். பனையோலைக் கடகம்தான். என் கூட்டில் கொத்தாகச் செத்ததே இல்லை. உங்கள் 11 கோழி செத்தது நீங்கள் தடுப்பூசி போடாததால். அதை ஏன் எழுதவில்லை?

இன்னொன்று. எனக்கு 6 பேர்ச் காணி, ஏறக்குறைய 1,630 சதுர அடி. அதில் வீடு, கிணறு, ஒரு தென்னை. 30 நாளைக்கு எங்கே வைக்கச் சொல்கிறீர்கள்? குசினியிலா?

பேட்டுச்சத்தம் (தெஹிவளை):
ஒரு சின்னக் கேள்வி. "பிரித்து வைத்தல்" என்று இரண்டு பேரும் எதைச் சொல்கிறீர்கள்? நடுவில் ஒரு பலகை வைத்தால் போதுமா, அல்லது வேறு இடத்தில், வேறு தண்ணீர்ப் பாத்திரத்தோடு, வேறு செருப்போடா?

கூட்டுக்காவலன்:
தடுப்பூசி போட்டேன். இரண்டாம் தரம் கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தைத் தவறவிட்டேன். அது என் பிழை. ஆனால் நோயை வீட்டுக்குக் கொண்டு வந்தது அந்த 3 பேடுதான். 22 வருடம் ஒன்றும் நடக்காததற்குப் பெயர் அனுபவம் இல்லை, அதிர்ஷ்டம். 30 நாள்.

கடலோரன்:
6 பேர்ச். பதில் சொல்லுங்கள். 6 பேர்ச்.

ஆலமரத்தடி (கொட்டாஞ்சேனை):
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். சளி பிடித்து முகம் வீங்குகிற நோய், 1 முதல் 3 நாளில் காட்டிவிடும். 7 நாள் வைத்தாலே பெரும்பாலானது பிடிபடும். 30 நாள் கொழும்புக்குச் சரிவராது. அப்புறம், அது தாரா இல்லை, வாத்து. தமிழில் எழுதும்போது தமிழில் எழுதுவோம்.

கூட்டுக்காவலன்:
15 நாள் கழித்து வருகிற நோயை 7 நாளில் எப்படிப் பிடிப்பீர்கள்? கணக்கு இடிக்கிறதே. தாரா என்று என் அம்மம்மா சொன்னாள், நானும் சொல்வேன். யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் தாரா முட்டை என்றுதான் சொல்வார்கள். அதைத் தமிழ் இல்லை என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?

ஆலமரத்தடி:
யாழ்ப்பாணம்தான் தமிழ் என்றால் நாங்கள் மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் பேசுவது என்ன? போன வருடம் புறா இழையிலும் இதே குணத்தைத்தான் காட்டினீர்கள். நான் மறக்கவில்லை.

கூட்டுக்காவலன்:
புறா இழையில் நீங்கள் சொன்னது பிழை, அதைச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

இந்த "வெள்ளைக்காரன் கதை"க்கு வருகிறேன். இராணிக்கெட் என்பது இந்தியாவில் இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர். இதே நோய் 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் ஊரிலும் கோழிகளைக் கொன்றது. ஜாவா எந்த வெள்ளைக்காரன் ஊர்? வந்ததை மறித்து வைத்துப் பார்ப்பது எங்களுக்கும் தெரிந்த விஷயம்தான். இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களை, இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்துத்தான் கப்பலேற்றினார்கள். அம்மையும் வாந்திபேதியும் தீவுக்குள் வரக்கூடாது என்பதற்காக.

ஆலமரத்தடி:
அந்த முகாமில் என் கொள்ளுப்பாட்டி இருந்தவர். உடுப்பைக் களைந்து மருந்து தெளித்து மாடு மாதிரி எண்ணி அனுப்பினார்கள். அதைக் கோழிக்கூட்டோடு ஒப்பிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? "எங்கள் ஆட்கள்" என்றும் சொல்கிறீர்கள். இதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கூட்டுக்காவலன்:
உங்கள் கொள்ளுப்பாட்டியைப் பற்றி நான் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லவில்லை. நோயைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்பு எதற்கு? நாளை உங்களுடைய கோழி செத்தால் நான்தான் முதலில் வருத்தப்படுவேன்.

மழைக்கூடு (வத்தளை):
நான் 30 நாளுக்கும் எதிர்ப்பு. ஆனால் கடலோரன் பக்கமும் இல்லை. வான்கோழியை 30 நாள் அல்ல, 300 நாள் வைத்த பிறகும் கோழியோடு சேர்க்கக் கூடாது. கோழியின் குடலில் ஒரு சின்னப் புழு இருக்கும். அதன் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற கிருமி ஒளிந்திருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வான்கோழிக்குப் போனால் ஈரலில் வட்ட வட்டமாகப் புண், மஞ்சள் நிற எச்சம், சில நாளில் சாவு. அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், மண்புழுவும் காவும். பழைய கோழி கிளறிய மண்ணில் வான்கோழிக் குஞ்சை விடுவதே பிழை. தரையிலிருந்து தூக்கிய கம்பித் தட்டில் வளர்க்கலாம்.

இன்னொன்றையும் தம்பி கேட்க வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனில் இரத்தக்கழிச்சலுக்கு மருந்து கலந்திருந்தால் பையில் பெயரைப் பாருங்கள். சலினோமைசின் என்று இருந்தால் வான்கோழிக்கு அது நஞ்சு.

கூட்டுக்காவலன்:
வான்கோழி விஷயம் சரி. ஆனால் "30 நாளுக்கும் எதிர்ப்பு" என்று தொடங்கியது ஏன்? வான்கோழி வேறு கேள்வி. 30 நாள் கேள்விக்கு ஆமா, இல்லையா?

மழைக்கூடு:
நான் எழுதியதை வாசிக்காமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கடலோரன்:
இப்போது நான் கேட்கிறேன். சளி மாறிய கோழி பார்க்கச் சுகமாக இருந்துகொண்டே மாதக்கணக்கில் கிருமியைக் காவும் என்று நீங்களே முன்பு ஓரிடத்தில் எழுதினீர்கள். அப்படியென்றால் 30 நாள் வைத்தும் அது தெரியாதே. உங்களுடைய 30 நாள் எதற்கு உதவும்?

கூட்டுக்காவலன்:
நல்ல கேள்வி, அதற்கும் வழி உண்டு. கடைசி 2 கிழமைக்கு உங்கள் பழைய கூட்டிலிருந்து ஒரு கோழியைக் கொண்டுபோய்ப் புதியவற்றோடு விடுங்கள். புதியவை எதையாவது ஒளித்துக் காவினால் அந்த ஒன்றுக்குத் தும்மல் வரும், கண்ணில் நுரை வரும். தம்பியின் எட்டில் மற்ற ஏழும் தப்பும். ஆக, அதற்கும் 30 நாள்தான் வேண்டும்.

பேட்டுச்சத்தம்:
அந்த ஒரு கோழி செத்தால்? அதற்கும் பெயர் வைத்து வளர்த்திருப்போமே அண்ணா. என் வீட்டில் அப்படி ஒன்றைக் கொடுக்க என் பிள்ளைகள் விடமாட்டார்கள். முதலில் கேட்டதற்கும் இன்னும் பதில் இல்லை. பிரித்து வைத்தல் என்றால் எவ்வளவு தூரம்?

கூட்டுக்காவலன்:
ஒன்றைக் காப்பாற்றப் பார்த்து ஏழு கோழியைக் கொடுக்காதீர்கள். நான் 11 குழி வெட்டினேன். நீங்கள் வெட்டியதில்லை.

கடலோரன்:
குழி வெட்டியவர்தான் கோழி வளர்ப்பவர் என்று இல்லை. வளர்த்துக் காட்டுங்கள். என் தாராக்கள் கோழிகளோடு ஒரே கூட்டில் 9 வருடம் நிற்கின்றன.

மழைக்கூடு:
ஒரே கூட்டிலா? தாரா தண்ணீரை மூக்குவரை முக்கிக் குடிக்கும், உதறும், உமி எல்லாம் நனையும். வைகாசி மழையில் கொழும்பில் அந்த உமி காயவே காயாது. ஈர உமியில்தான் கோழிக்குஞ்சின் இரத்தக்கழிச்சல் பெருகும், புளித்த மூத்திர மணம் கண்ணை எரிக்கும். கோழி உயரத்தில் கம்பில் தூங்கும், தாரா தரையில் தூங்கும். கம்புக்குக் கீழே தாரா படுத்தால் இரவு முழுக்க எச்சம் அதன் முதுகில். தாராக் குஞ்சுக்குக் கோழித்தீன் மட்டும் கொடுத்தால் நியாசின் என்ற உயிர்ச்சத்துப் போதாமல் கால் வளையும், ஈஸ்ட் தூவ வேண்டும். உங்கள் ஆண் தாரா எத்தனை?

கடலோரன்:
2 ஆண், 3 பெண்.

மழைக்கூடு:
3 பெண்ணுக்கு 2 ஆண்! ஓர் ஆணுக்கு நாலைந்து பெண்ணாவது வேண்டும். இல்லாவிட்டால் கோழிப் பேட்டின்மேல் ஏறும். சேவலின் உடலமைப்பு வேறு, ஆண் தாராவின் உடலமைப்பு வேறு. பேட்டுக்கு உள்ளே காயம் வரும். உங்கள் பேடுகளின் பிடரியைப் பார்த்தீர்களா?

கடலோரன்:
என் பேடுகளின் பிடரியை வத்தளையிலிருந்து பார்க்கிறீர்களா? சேவல் மிதித்தாலும் பிடரி மயிர் போகும். இப்போது இழை எங்கே போகிறது? 6 பேர்ச் காணியில் 30 நாள் எங்கே வைப்பது? இதுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

கூட்டுக்காவலன்:
சொல்கிறேன். மொட்டைமாடி. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நிழல் இருக்கும். 4 அடிக்கு 4 அடி கூடு, தளத்துக்கு மேலே ஒரு அடி தூக்கி. வலை அரை அங்குலக் கண். பெரிய கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், மரநாயை வெளியே வைத்திருக்காது. காலையில் முதலில் பழைய கோழிக்குத் தீன், பிறகுதான் மேலே. மேலே போகத் தனிச் செருப்பு, இறங்கியதும் சவர்க்காரம் போட்டுக் கை. தனிப் பாத்திரம். மாடி இல்லாதவர் சிநேகிதர் வீட்டில் வைக்கட்டும். அதுவும் இல்லாதவர் வாங்கவே வேண்டாம். ஆசைக்கு வாங்கி வந்து, நிற்கிற எட்டையும் சாகக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இவை எங்களை நம்பி நிற்கிற உயிர்கள்.

கடலோரன்:
வாங்கவே வேண்டாமா? 6 பேர்ச்காரன் கோழி வளர்க்கக் கூடாது என்று சட்டம் போடுகிறீர்களா? கொழும்பில் மாடி வீடு உள்ளவனுக்கு மட்டுமா முட்டை?

ஆலமரத்தடி:
இதைத்தான் நான் சொன்னேன், இவரின் குணம். மன்னிப்பு இன்னும் வரவில்லை.

புதுக்கூடு (கிராண்ட்பாஸ்):
கேள்வி கேட்டவன் நான்தான். எல்லோருக்கும் நன்றி. கடலோரன் அண்ணன் சொன்னபடி வாங்கிய மறுநாளே எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிட்டேன், இன்று நாலாம் நாள். காலையில் புதுப் பேடு ஒன்று இரண்டு மூன்று தரம் தும்மியது. ஒரு கண் கொஞ்சம் ஈரமாக இருக்கிறது. தீன் தின்கிறது.

கடலோரன்:
உமித் தூசி. தம்பி பயப்பட வேண்டாம். இஞ்சியும் மஞ்சளும் தட்டித் தண்ணீரில் போடுங்கள்.

கூட்டுக்காவலன்:
தம்பி, தூசி என்றால் எல்லாம் தும்மும். ஒன்று மட்டும் தும்மி ஒரு கண் ஈரமாக இருந்தால் தூசி என்று விட முடியாது. இப்போதே அதை எடுத்து வீட்டுக்கு மறுபக்கம் வையுங்கள். இரண்டு வான்கோழியையும் எடுங்கள். முற்றத்திலிருந்து ஒரு கோழியும் வெளியே போகக் கூடாது, முட்டைகூட யாருக்கும் கொடுக்க வேண்டாம். விடிந்ததும் அரச மிருக வைத்தியரிடம் போங்கள். முகம் வீங்குகிறதா, எச்சம் பச்சையா என்று இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எத்தனை மணியானாலும் இங்கே எழுதுங்கள், நான் முழித்திருப்பேன்.

பேட்டுச்சத்தம்:
தம்பி, மற்றக் கோழிகள் அந்தப் பேட்டோடு ஒரே பாத்திரத்திலா குடித்தன?

புதுக்கூடு:
ஓம் அக்கா. ஒரே பேசின்தான்.

கடலோரன்:
ஒரு தும்மலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். தூசி என்கிறேன்.

கூட்டுக்காவலன்:
30 நாள் என்கிறேன். தம்பி, இன்றிலிருந்து எண்ணுங்கள். 1.