பல நாள் மலைநடைக்கு முதுகுச்சுமை: 4.5 கிலோ என்ற இலக்கு எல்லோருக்கும் பொருந்துமா?

மலைத்தடம் எழுதியது:

பனியில்லாத பருவத்தில் ஐந்து நாள் மலைநடை போகும் எவரும், புதியவர் உட்பட, தம் பையின் அடிப்படை எடையை 4.5 கிலோவுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. உணவு, நீர், எரிபொருள் ஆகிய தீர்ந்துபோகும் பொருள்களைக் கழித்துவிட்டு, பையும் அதனுள் இருக்கும் மற்றவையும் சேர்ந்து வருவதே அடிப்படை எடை. அது 10 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 4.5 கிலோவுக்குள், அடங்கினால் மிகஇலகு என்றும், 20 பவுண்டுக்குள் அடங்கினால் இலகு என்றும் நடைப்பயணிகளிடையே நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு.

கணக்கைப் பாருங்கள். நாளுக்கு 650 கிராம் வீதம் ஐந்து நாள் உணவு மூன்றேகால் கிலோ, இரண்டு லிட்டர் நீர் இரண்டு கிலோ, எரிபொருள் கால் கிலோ. அடிப்படை எடை 4.5 என்றால் முதல் நாள் காலையில் முதுகில் ஏறுவது பத்து கிலோ; அதுவே 9 என்றால் பதினான்கரை கிலோ. இந்த நாலரைக் கிலோவின் அருமை, மாலையில் களைத்த கால்களோடு சரளைக்கல் இறக்கத்தில் இறங்கும்போதுதான் தெரியும். கணுக்கால் பிசகுவதும் முழங்கால் வீங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

பல்துலக்கியின் கைப்பிடியை ஒடிப்பதால் மிஞ்சுவது சில கிராம் மட்டுமே. பை, கூடாரம், படுக்கை ஆகிய மூன்றில்தான் எடை கிலோக் கணக்கில் இருக்கிறது. சட்டகம் வைத்த 65 லிட்டர் பழையபாணிப் பை வெறுமையாகவே இரண்டு கிலோவைத் தாண்டும். சட்டகமில்லாத பை 700 கிராமுக்குள் கிடைக்கிறது. இரண்டரைக் கிலோ கூடாரத்துக்குப் பதில், நடைக்கோல்களை ஊன்றி இழுத்துக் கட்டும் மெல்லிய நைலான் கூரைத்துணி, கயிறும் முளைகளும் சேர்த்தே முக்கால் கிலோவுக்குள் அடங்கும். இந்த இரண்டை மாற்றினாலே மூன்று கிலோ குறைந்துவிடுகிறது.

கருங்குன்றம் எழுதியது:

மலைத்தடம் அவர்களே, மூன்று பெரிய பொருள்களில் கைவைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. புதியவரின் கையில் ஓர் எண்ணைக் கொடுத்து மலைக்கு அனுப்புவதைத்தான் ஏற்க முடியவில்லை. எண்ணை எட்டியே தீர வேண்டும் என்று பையைக் கட்டுகிறவர், தராசில் கனமாகத் தெரிகிற பொருளைத்தான் முதலில் வெளியே எடுத்து வைப்பார். அப்படி எடுத்து வைக்கப்படுபவை கதகதப்பான மேலுடுப்பு, நல்ல மழைச்சட்டை, தடிமனான தரைமெத்தை. உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைவதற்கு உறைபனி வேண்டியதில்லை. பத்து டிகிரி செல்சியஸில் மழையும் காற்றும் சேர்ந்து, உடுப்பு நனைந்து, உடலும் களைத்திருந்தால் போதும்.

உறக்கப்பையின் மேல் அச்சிட்ட எண்ணையும் புதியவர்கள் சரியாகப் படிப்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி சோதித்த பையில், வசதியாக உறங்கக்கூடிய வெப்பநிலை ஒன்று, சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய கீழ் எல்லை மற்றொன்று என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் ஐந்தாறு டிகிரி வேறுபாடு வரும். கீழ் எல்லையை நம்பி இருப்பதிலேயே இலகுவான பையை வாங்குகிறவர், குளிர் தாங்காத உடல்வாகு உள்ளவராக இருந்தால், இரவெல்லாம் விழித்துக் கிடப்பார். உறங்காதவர் மறுநாள் எத்தனை இலகுவாகச் சுமந்தாலும் தடுக்கி விழுவார்.

இன்னொன்று: அடிப்படை எடை என்ற கணக்கில் நீர் இல்லை, ஆனால் தோளில் நீர் இருக்கிறது. ஊற்று எதுவுமில்லாத முகட்டில் ஒரு நாள் முழுதும் நடக்க நேர்ந்தால் நான்கு லிட்டர் தூக்க வேண்டியிருக்கும். உங்கள் பத்து கிலோ பன்னிரண்டாகும். சட்டகமில்லாத பை ஒன்பது, பத்து கிலோ வரைதான் முதுகில் ஒழுங்காக உட்காரும். அதற்கு மேல் போனால் முதுகுப்புறம் உருண்டு, இடுப்புப் பட்டை எடையை வாங்காமல், எல்லாம் தோள்பட்டைகளில் தொங்கும். பதின்மூன்று கிலோவை இடுப்பில் உட்காரவைக்கும் சட்டகப் பையைவிட, பன்னிரண்டு கிலோவைத் தோளில் தொங்கவிடும் இலகுவான பை மிகுந்த வலி தரும்.

மலைத்தடம் எழுதியது:

கதகதப்பைக் குறைக்கச் சொல்லி நான் எங்கும் எழுதவில்லை. எடையைக் குறைப்பதும் குளிரில் நடுங்குவதும் ஒன்று என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிட்டுப் பேசுவோம். உறக்கப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடைத்திருக்கும் இறகு வெப்பம் தருவது தனக்குள் பிடித்துவைத்திருக்கும் காற்றினால்தான். நம் உடலின் கீழே நசுங்கிக் கிடக்கும் இறகில் காற்றில்லை, ஆகவே வெப்பக்காப்பும் மிகக் குறைவு. கீழிருந்து ஏறும் குளிரைத் தடுப்பது தரைமெத்தை. அதன் தடுப்புத்திறனை ஆர் மதிப்பு என்று அதன் உறையிலேயே போட்டிருப்பார்கள். எனவே அடிப்புறமும் தலைமூடியும் இல்லாத இறகுப் போர்வையை, ஆர் மதிப்பு போதுமான மெத்தையோடு பயன்படுத்தினால், அதே குளிருக்கு இருநூறு, முந்நூறு கிராம் குறைகிறது. இதில் எந்தத் துணிச்சலும் இல்லை.

மற்றபடி எடை சேர்வது, ஒரே வேலைக்கு இரண்டு பொருள் வைப்பதால். ஒரு புதியவரின் மருந்துப்பையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். பத்துப் பத்து மாத்திரை கொண்ட முழு அட்டைகள், உறை பிரிக்காத பஞ்சுச் சுருள், கண்ணாடிப் புட்டியில் கிருமிநாசினி, கட்டுத்துணி வெட்டுவதற்கென்று ஒரு கத்தரி, பக்கத்துப் பையில் ஏற்கெனவே ஒரு கத்தி. அரைக் கிலோ வந்துவிடும். ஐந்து நாளுக்கு வேண்டியவை கொப்புளத்துக்கு ஒட்டுத்துணி, ஒரு கட்டுத்துணி, வலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஒவ்வாமைக்கும் சில மாத்திரைகள், உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு, தாம் வழக்கமாக உட்கொள்ளும் மருந்து. எல்லாம் ஒரு சிறு ஜிப் உறைக்குள் 100 கிராமில் அடங்கும். உடுப்பும் இப்படித்தான்: நடக்க ஒரு சோடி, எக்காரணம் கொண்டும் நனையவிடாமல் உறங்குவதற்கென்று ஒரு சோடி, காலுறை மட்டும் ஒன்று கூடுதல். எண் என்ற ஒன்று இருந்தால்தான் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்துக் கேள்வி கேட்போம்.

ஓடைக்கரை எழுதியது:

இருவரும் பையையும் படுக்கையையும் பற்றியே பேசுகிறீர்கள். தீர்ந்துபோகும் பொருள்கள் என்று ஒதுக்கிவைத்ததில்தான் பாதிச் சுமை இருக்கிறது. மலைத்தடம் காட்டிய பத்து கிலோவில் ஐந்தரை கிலோ அதுதான்.

முதலில் உணவு. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் 4 தரும். நாளுக்கு 2,800 கிலோகலோரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 3.5 தரும் உணவு 800 கிராம் தூக்க வேண்டும், கிராமுக்கு 4.5 தரும் உணவு ஏறத்தாழ 620 கிராம் போதும். கொட்டைப் பருப்புகளையும் சமைத்த உணவில் ஊற்றும் எண்ணெயையும் கூட்டிக்கொண்டாலே இந்த வேறுபாடு வந்துவிடும். ஐந்து நாளில் கிட்டத்தட்ட 900 கிராம். இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்து நீர். பையில் நீரைவிடக் கனமான ஒற்றைப் பொருள் அநேகமாக இல்லை. நீரிடங்கள் எவ்வெவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, ஓடையில் இறங்கி அங்கேயே வயிறு நிறையக் குடித்துவிட்டு, அடுத்த ஓடை வரை தேவையான அளவை மட்டும் நிரப்பிக்கொண்டால், பல பாதைகளில் ஒரு லிட்டர் போதும். நுண்குழாய் ஃபில்டர் 100 கிராமுக்குள் இருக்கிறது. ஆனால் ஒருமுறை நனைந்த ஃபில்டர் இரவில் உறைந்தால் உள்ளிழைகள் வெடித்துப் பயனற்றுப் போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. குளிர் இரவில் அதைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். வைரஸையும் அது தடுக்காது. குளோரின் டை ஆக்சைடு மாத்திரை அதைவிட இலகு, ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் கொல்ல நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். தடித்த பாட்டிலை விட்டுவிட்டு, கடையில் நீரோடு விற்கும் சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துக்கொள்வதால் மட்டும் 100 கிராமுக்கு மேல் மிஞ்சும்.

அடுப்பைப் பற்றி ஒரு சொல். 20 கிராம் ஸ்பிரிட் அடுப்பு தனியாளுக்கு மிகவும் இலகு. ஆனால் அதில் எரிக்கும் எத்தனாலில் கிலோவுக்குச் சுமார் 27 மெகாஜூல் வெப்ப ஆற்றல்தான், கேஸ் அடுப்பில் எரியும் பியூட்டேன், புரொப்பேன் கலந்த வாயுவில் சுமார் 46. மூவர் சேர்ந்து சமைத்தால் ஒரே கேஸ் அடுப்பைப் பகிர்வதே இலகுவாகிவிடும்.

கருங்குன்றம் எழுதியது:

ஓடைக்கரை சொன்ன உணவுக் கணக்கு இந்த விவாதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. யாருடைய பாதுகாப்பையும் தொடாமல் எடை குறைகிறது. ஸ்பிரிட் அடுப்பை மட்டும் புதியவருக்குச் சொல்ல வேண்டாம் என்பேன். பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. கவிழ்ந்தால் எரியும் திரவம் புல்லில் ஓடும். திருகி அணைக்கக் குமிழ் இல்லை. காட்டுத்தீ அபாயக் காலத்தில் பல இடங்களில் அதற்குத் தடையே உண்டு.

வழிநடை எழுதியது:

கருவிகளைப் பற்றி இத்தனை கவலைப்படும்போது எம்மா கேட்வுட் நினைவுக்கு வருகிறார். 1955-இல், தமது 67-ஆவது வயதில், அமெரிக்காவில் அன்று ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர் நீளமிருந்த அப்பலாச்சியன் பாதையைத் தனியாக ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதல் பெண்மணி அவர். கூடாரமும் இல்லை, உறக்கப்பையும் இல்லை. தோளில் மாட்டிய துணிப்பை, ஒரு போர்வை, மழைக்குப் பிளாஸ்டிக் திரை, காலில் கேன்வாஸ் காலணி. அந்தக் காலணியைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஒவ்வோர் அடியிலும் தூக்கி வைக்க வேண்டியிருப்பதால் காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையைவிடப் பல மடங்கு உழைப்பைக் கேட்கிறது. பையைக் கிராம் கிராமாக நிறுத்துவிட்டு, காலில் ஒன்றரைக் கிலோ தோல் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கருங்குன்றம் எழுதியது:

காலணியைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. கேட்வுட் அம்மையாரின் உறுதியை வணங்குகிறேன், ஆனால் அந்தப் பயணத்தைச் சான்றாக்கும்போது முழுவதையும் சொல்ல வேண்டும். அவர் பல இரவுகளை வழியிலிருந்த வீட்டார் கொடுத்த இடத்திலும் பாதையோரக் கொட்டகைகளிலும் கழித்தார். ஊர்களும் சாலைகளும் அடிக்கடி குறுக்கிடும் பாதை அது. மனித நடமாட்டமற்ற இடத்தில் இரண்டு நாள் மழையில் சிக்கியவருக்குக் கதவைத் திறக்க எவரும் இல்லை. கூரைத்துணியை நான் எதிர்ப்பதும் இதனால்தான். அது தன்னளவில் நல்ல பொருள். ஆனால் காற்று வரும் திசையைப் பார்த்து, தாழ்வாக, தொய்வில்லாமல் கட்டத் தெரிந்தவருக்கே அது கூரை. நைலான் நனைந்தால் தொய்யும். நள்ளிரவில் எழுந்து கயிறுகளை மீண்டும் முறுக்க வேண்டும். அதைச் செய்யாதவரின் கால்மாட்டில் சாரல் அடித்து இறகுப் போர்வை நனையும். நனைந்த இறகு சுருண்டு கட்டியாகிவிடும், வெப்பம் தராது. பிறகு உங்கள் 4.5 கிலோவில் அவருக்கு உதவ ஒன்றும் மிஞ்சாது.

மலைத்தடம் எழுதியது:

இலக்கை நான் கைவிடவில்லை. அதை எட்டும் வரிசையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். பையை எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள், அது கடைசியில் வாங்க வேண்டியது. உள்ளே போகும் பொருள்களையும், பாதையில் அதிகபட்சம் எத்தனை லிட்டர் நீர் தூக்க நேரும் என்பதையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, மொத்தம் பத்து கிலோவைத் தாண்டினால் சட்டகமுள்ள இலகுவான பையை வாங்கட்டும். ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே அவை கிடைக்கின்றன. தாண்டாவிட்டால் சட்டகமில்லாத பை போதும். அப்போது மடக்கு நுரைமெத்தையை முதுகுப்புறம் நெடுக்காக நிறுத்தி, அதற்கும் முதுகுக்கும் இடையில் எதையும் திணிக்காமல், உணவுப்பையை நடுமுதுகை ஒட்டி வைத்து, போர்வையை அடியில் அழுத்தி நிரப்பினால் நீங்கள் சொன்ன உருளல் வராது.

கூரைத்துணியைக் குறித்து நாம் உடன்பட வாய்ப்பில்லை. ஆனால் அதை வாங்குகிறவர், மலைக்குப் போவதற்கு முன் மழை பெய்யும் ஓர் இரவில், வேண்டாமென்றால் எழுந்து வீட்டுக்குள் வரக்கூடிய இடத்தில், அதன் கீழ் படுத்து உறங்கிப் பார்க்க வேண்டும். விடியும்போது போர்வையின் கால்மாடு நனைந்திருந்தால், அந்தப் பயணத்துக்குக் கூடாரத்தையே எடுத்துக்கொண்டு, இன்னொரு கிலோவை உணவிலும் உடுப்பிலும் தேடட்டும்.